ஜொகூரின் ஆசிரியத்தாய்

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?" என்ற பழமொழி தமிழரிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. சங்க காலத்திலேயே ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் எனப் பெண்பாற்புலவர் பலரைக் கண்ட இனத்திலும் இப்படியொரு பழமொழி வேரூன்றியது வியப்பே. ஆனால், இந்தக் கேள்வி தமிழர் வீடுகளில் மட்டும் எழவில்லை. மலாயாவின் கம்பங்களிலும் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும், மொழியும் சமயமும் வேறுபட்டாலும், பெண்பிள்ளைகளைப் பெற்றோர் பலர் இதே கேள்வியைத்தான் கேட்டனர்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூர் மாநிலத்தில் ஓர் ஆசிரியை இந்தக் கேள்விக்கு விடை கூற முன்வந்தார். அவர் மேடையேறி யாரையும் சாடவில்லை. வழக்கத்தை ஒரே நாளில் உடைத்தெறியவும் முனையவில்லை. பெண்களுக்குச் சமுதாயம் ஒதுக்கியிருந்த இடத்திலேயே நின்றுகொண்டு, அந்த இடத்தின் எல்லையைச் சிறிது சிறிதாக விரித்தார். அவர்தான் ஸைனுன் பிந்தி முன்ஷி சுலைமான். மக்கள் அவரை 'இபு ஸைன்' என்று அன்போடு அழைத்தனர். மலாய்மொழியில் 'இபு' என்றால் தாய் என்று பொருள்.

அச்சம் எழுப்பிய சுவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய்ப் பெண்பிள்ளைகளுக்கெனச் சில பள்ளிகள் இருக்கவே செய்தன. ஆயினும், அங்குக் கற்பிக்கப்பட்டவை மிகக் குறைவு. சிறிதளவு எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றோடு தையல், நெசவு, முடைதல், சமையல் ஆகியவையே பாடங்களாக அமைந்தன. வீட்டில் தாய் கற்றுத்தரும் வேலைகளையே பள்ளியும் கற்றுத்தந்தது. ஆகவே, "இதற்காகவா பிள்ளையை இவ்வளவு தொலைவு அனுப்ப வேண்டும்?" என்று பெற்றோர் எண்ணியதில் பெரிய வியப்பில்லை.

அதைவிடப் பெரிய தடை அச்சமே. பெண்பிள்ளை எழுதக் கற்றுக்கொண்டால் ஆண்களுக்குக் காதல் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவாள் என்று பலர் அஞ்சினர். படிக்கலாம்; ஆனால், எழுதக் கூடாது என்று கருதியவர்களும் இருந்தனர். திருக்குர்ஆனை ஓதக் கற்றுக்கொண்டால் போதும் என்பது பல குடும்பங்களின் எண்ணம். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் கிறிஸ்துவச் சமயப் பணியாளர்களால் நடத்தப்பட்டதால், அங்கு அனுப்பினால் பிள்ளை தன் சமயத்தை விட்டு விலகிவிடுமோ என்ற கவலையும் இருந்தது. பருவம் எய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் வழக்கமும் பரவலாக இருந்தது.

இதனால் ஏற்பட்ட விளைவு ஒரு வட்டம் போன்றது. பெண்கள் அதிகம் படிக்காததால் படித்த ஆசிரியைகள் கிடைக்கவில்லை. படித்த ஆசிரியைகள் இல்லாததால் பெண்கள் பள்ளிகளின் தரம் உயரவில்லை. தரம் உயராததால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினர். ஆண் ஆசிரியர்களுக்காக 1922ஆம் ஆண்டில் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியோ 1935ஆம் ஆண்டில்தான் மலாக்காவில் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் பணியில் இருந்த ஆசிரியைகள் பலர், தாங்கள் பயின்ற சில வகுப்புகளின் அறிவையே முதலாகக் கொண்டு கற்பிக்க வேண்டியிருந்தது.

இந்த வட்டத்தை எங்கே அறுப்பது? இபு ஸைன் தேர்ந்தெடுத்த இடம் ஆசிரியைகளே.

முன்ஷியின் மகள்

இபு ஸைன் 1903ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். அவருடைய தந்தை சுலைமான், மலாய்மொழி கற்பிக்கும் முன்ஷியாக விளங்கியவர். 'முன்ஷி' என்பது மொழியாசிரியரைக் குறிக்கும் சொல். மொழியையும் நூல்களையும் நேசித்த தந்தையின் வீட்டில் வளர்ந்த ஸைனுன், மலாய்க் கல்வியோடு ஆங்கிலக் கல்வியும் பெற்றார். அக்காலத்தில் ஒரு மலாய்ப் பெண்பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒருசேரக் கிட்டியது அரிது. எழுதத் தெரிந்த பெண் கெட்டுப்போவாள் என்று பலர் அஞ்சிய காலத்தில், முன்ஷியின் மகள் இரு மொழிகளிலும் தேர்ச்சியோடு வளர்ந்தார்.

இளம் வயதிலேயே அவர் ஆசிரியப் பணியை ஏற்றார். 1920ஆம் ஆண்டுகளில் ஜொகூரில் மூவாரிலும் பின்னர் ஜொகூர் பாருவிலும் மலாய்ப் பெண்கள் பள்ளிகளில் பணியாற்றினார். பிற்காலத்தில் மாநிலத்தின் மலாய்ப் பெண்கள் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராகவும் உயர்ந்தார். ஒரு பள்ளியின் வகுப்பறைக்குள் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பள்ளியின் குறை மட்டுமே தெரியும். பல பள்ளிகளை அறிந்தவருக்கோ அந்தக் குறை மாநிலம் முழுவதும் பரவியிருப்பது தெரியும். மாணவியருக்கு மேலும் கற்றுத்தர வேண்டுமானால், முதலில் ஆசிரியைகள் மேலும் கற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார்.

ஒன்றுகூடிய ஆசிரியைகள்

1929ஆம் ஆண்டில், இபு ஸைனின் முயற்சியால் ஜொகூர் மலாய்ப் பெண் ஆசிரியர் சங்கம் உருவானது. இன்று ஒரு சங்கத்தைத் தொடங்குவது எளிய செயலாகத் தோன்றலாம். அன்று அது துணிவு மிக்க செயல். பெண்கள் உறவினர் துணையின்றி வெளியூர் செல்வதே குறையாகப் பேசப்பட்ட காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் பெண்களே உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் இருந்து நடத்தும் அமைப்பு ஒன்று தோன்றியது. மலாயாவில் மலாய்ப் பெண்கள் தொடங்கிய அமைப்புகளுள் இது காலத்தால் முந்தியவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இந்தச் சங்கத்தின் தேவையை எண்ணிப் பார்க்கலாம். ஆற்றோரத்துக் கம்பத்துப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியை தனியாகப் பணிபுரிகிறார். அவருக்கு ஒரு பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு மாணவி திடீரென வருவதை நிறுத்திவிட்டால், அவள் பெற்றோரிடம் என்ன சொல்லி அழைத்து வருவது என்றும் தெரியவில்லை. இதே சிக்கல்தான் அடுத்த ஊர் ஆசிரியைக்கும் இருக்கிறது. ஆனால், இருவரும் ஒருவரையொருவர் அறியார். தனித்தனியே நின்றபோது அது ஒவ்வொருவரின் இயலாமையாகத் தோன்றியது. ஒன்றுகூடிய பின்னரே அது எல்லாருக்கும் பொதுவான சிக்கல் என்பது புரிந்தது. பொதுச் சிக்கல் என்று புரிந்துவிட்டால், அதற்குப் பொதுவான தீர்வையும் தேடலாம் அல்லவா?

திங்கள் என்னும் இதழ்

சங்கம் தொடங்கிய மறு ஆண்டே, அதாவது 1930ஆம் ஆண்டில், 'புலான் மெலாயு' என்ற இதழ் வெளிவந்தது. மலாயாவில் மலாய்ப் பெண்களால் பெண்களுக்காக நடத்தப்பட்ட முதல் இதழ் என இது போற்றப்படுகிறது. 'புலான்' என்ற மலாய்ச்சொல் நிலவையும் மாதத்தையும் குறிக்கும். தமிழில் 'திங்கள்' என்ற சொல்லும் அவ்விரு பொருளையும் தருவதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருளில் ஒளி தரும் நிலவின் பெயரையே அந்த இதழ் தாங்கி வந்தது.

இதழ் ஜாவி எழுத்தில் அச்சிடப்பட்டது. இதில் ஒரு பயனும் இருந்தது. பள்ளிப்படிப்பு குறைவாக இருந்த பெண்களும் சமயக் கல்வியின் வழியாக அரபு எழுத்துகளை அறிந்திருந்தனர். அந்த எழுத்தறிவு ஜாவி எழுத்தைப் படிப்பதற்குத் துணைநின்றது. ஓதுவதற்காகக் கற்ற எழுத்து, இப்போது உலகை அறிவதற்கான எழுத்தாக மாறியது.

கல்வி, குழந்தை வளர்ப்பு, உடல்நலம், வீட்டு நிருவாகம், பெண்களின் முன்னேற்றம் எனப் பல பொருள்களைப் பற்றி இதழ் பேசியது. அதில் எழுதியவர்களுள் ஆசிரியைகளே மிகுதி. இங்குதான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. எழுதத் தெரிந்த பெண் எதை எழுதுவாளோ என்று சமுதாயம் அஞ்சியது. அந்தப் பெண்களோ தம் பெயரில், எல்லாரும் படிக்கும் இதழில், பொதுநலம் குறித்து எழுதினர். பெண்களின் எழுத்தைப் பற்றிய அச்சத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இருக்க முடியாது. பயிற்சிக் கல்லூரி இல்லாத காலத்தில், ஆசிரியைகளுக்கு இந்த இதழே ஒரு கல்லூரியாகவும் விளங்கியது.

கதவைத் திறந்த வாதம்

பெண்கல்வியை ஆதரித்தவர்கள் அக்காலத்தில் எப்படி வாதிட்டனர் என்பது அறியத்தக்கது. இஸ்லாம் கல்வியை ஆணுக்கு மட்டும் உரியதாகச் சொல்லவில்லை. இருபாலரும் அறிவைத் தேட வேண்டும் என்றே அது கூறுகிறது என அவர்கள் எடுத்துக்காட்டினர். பினாங்கில் சைட் ஷேக் அல்-ஹாடி போன்ற சீர்திருத்தவாதிகளும் 1920ஆம் ஆண்டுகளில் தம் இதழ்களின் வாயிலாகப் பெண்கல்வியை வலியுறுத்தினர். குழந்தைக்கு முதல் ஆசிரியர் தாயே. தாய் அறியாமையில் இருந்தால் பிள்ளைகளும் அறியாமையில் வளர்வர். பெண்கள் பின்தங்கினால் இனமே பின்தங்கும் என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இது பெற்றோரின் மனத்தைத் தொடும் வாதம். ஏனெனில், இது அவர்கள் மதித்த சமயத்தையும் தாய்மையையும் சான்றாகக் கொண்டது. படித்த பெண் வீட்டுக்கு எதிரி அல்லள். வீட்டுக்கு வலிமை என்று அது கூறியது. கடுமையாக எதிர்த்திருந்தால் சில பெற்றோர் கதவைச் சாத்தியிருக்கக்கூடும். பணிவோடு விளக்கியதால் கதவு திறந்தது.

எனினும், இந்த வாதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. பெண் படிக்க வேண்டியது நல்ல தாயாக இருப்பதற்காக மட்டும்தானா? தனக்காகவும் அவள் படிக்கலாம் அல்லவா? அவளது விருப்பம், திறமை, தொழில், குடியுரிமை ஆகியவை என்னவாகும்? இக்கேள்விகளுக்கு அந்த வாதம் முழு விடை தரவில்லை. ஆனால், அந்த வாதத்தின் துணையோடு பள்ளிக்குள் நுழைந்த பெண்கள், காலப்போக்கில் இக்கேள்விகளைத் தாமே எழுப்பினர். இபு ஸைனின் வாழ்க்கையே இதற்குச் சான்று.

வகுப்பறையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் ஆட்சியமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து மலாய்க்காரர்கள் நாடெங்கும் திரண்டனர். அந்தக் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டது, நிலைமையைக் காண வந்த பிரிட்டிஷ் அரசியலாளர்களையும் வியக்கவைத்தது. வீட்டின் முற்றத்தைத் தாண்டத் தயங்கிய பெண்கள், நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசத் தெருவுக்கு வந்தனர். அதே ஆண்டு மே மாதம் ஜொகூர் பாருவில் அம்னோ கட்சி தோன்றியது.

ஆசிரியைகளை ஒன்றுதிரட்டிய இபு ஸைனின் பட்டறிவு இப்போது அரசியலிலும் பயன்பட்டது. 1950ஆம் ஆண்டில் அவர் அம்னோவின் பெண்கள் பிரிவான 'காவும் இபு'வின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1953ஆம் ஆண்டுவரை அதனை வழிநடத்தினார். 'காவும் இபு' என்பதற்குத் தாய்க்குலம் என்று பொருள் கொள்ளலாம். பெண்கள் அரசியலுக்கு வந்தபோதும் தாய் என்ற பெயரோடுதான் வந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. ஆனால், அந்தச் சொல்லின் பொருள் இப்போது விரிந்துவிட்டது. வீட்டைக் காக்கும் தாய், நாட்டைப் பற்றி முடிவெடுக்கும் தாயாகவும் உயர்ந்தார்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் 1959ஆம் ஆண்டில் நடந்த முதல் நாடாளுமன்றத் தேர்தலில், ஜொகூரின் பொந்தியான் செலாத்தான் தொகுதியில் இபு ஸைன் வெற்றி பெற்றார். அந்த நாடாளுமன்றத்தில் இருந்த இடங்கள் 104. அவற்றுள் பெண்கள் வென்றவை மூன்று மட்டுமே. அந்த மூவருள் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஜொகூரில் ஆசிரியைகளைக் கூட்டிச் சங்கம் அமைத்த அதே ஆசிரியை ஆவார்.

தோட்டப்புறத்தில் என்ன நிலை?

மலாய்க் கம்பங்களில் இம்மாற்றம் நிகழ்ந்த காலத்தில், ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்பிள்ளைகளின் நிலை எப்படி இருந்தது? தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆனால், விடியற்காலையில் தாயும் தந்தையும் பால்மரம் சீவச் சென்றுவிடுவர். ஆயக்கொட்டகையில் விடப்படாத தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும், தண்ணீர் பிடிப்பதும், உலை வைப்பதும் வீட்டின் மூத்த பெண்ணின் பொறுப்பாயின. தம்பி பள்ளிக்குச் செல்வதற்காக அக்காள் பள்ளியை விட்டு நின்ற குடும்பங்கள் பல. அவளுக்குப் படிப்பில் ஆர்வம் இருந்ததா என்று கேட்டவர் சிலரே.

மலாய்க் கம்பத்தில் பெண்ணைத் தடுத்தது பெரும்பாலும் அச்சம். தோட்டத்தில் தடுத்தது பெரும்பாலும் வறுமையும் வீட்டு வேலையின் சுமையும். காரணங்கள் வேறு, இழப்பு ஒன்றே. இந்த ஒப்புமையை உணரும்போது, இபு ஸைனின் கதை ஓர் இனத்தின் கதையாக மட்டும் நின்றுவிடாமல், நாம் அனைவரும் அறிய வேண்டிய கதையாகிறது.

அவர் தொடங்கிய பாதையில் அடுத்த அடியை எடுத்து வைத்தவர்களுள் ஒரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். அவர் ஈப்போவில் 1927ஆம் ஆண்டு பிறந்த இராசம்மா பூபாலன். பதின்ம வயதில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவரை சென்ற அவர், போருக்குப் பின்னர் பட்டம் பெற்று ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிக்கும் வந்துவிட்டனர், ஆசிரியைகளாகவும் ஆகிவிட்டனர். ஆனால், ஒரே தகுதியோடு ஒரே வேலையைச் செய்த ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவாக இருந்தது. அரசுப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால், நிரந்தரப் பணி தற்காலிகப் பணியாகிவிடும் நிலையும் இருந்தது. குடும்பத்தைக் காப்பவர் ஆண். பெண்ணின் சம்பளம் கைச்செலவுக்கே என்ற எண்ணம் இவற்றுக்கு அடிப்படையாக இருந்தது.

1960ஆம் ஆண்டில் பெண் ஆசிரியர்களின் தொழிற்சங்கம் உருவானபோது, இராசம்மா பூபாலன் அதன் தோற்றுநர் தலைவராகப் பொறுப்பேற்றார். சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கோரிக்கையை அச்சங்கம் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தியது. பிற பெண்கள் அமைப்புகளும் கைகோத்தன. இறுதியில் 1969ஆம் ஆண்டில் அரசுப்பணியில் இருபாலருக்கும் சம சம்பளம் என்ற கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2001ஆம் ஆண்டில் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது விதி திருத்தப்பட்டு, பால் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்பதும் அதில் சேர்க்கப்பட்டது.

இபு ஸைனும் இராசம்மாவும் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவர்கள், வெவ்வேறு தலைமுறையினர். ஆயினும், இருவரும் கையாண்ட வழி ஒன்றே. இருவரும் ஆசிரியைகளை ஒன்றுசேர்த்தனர். முதலாமவர் பெண்ணுக்கு அறிவு வேண்டும் என்றார். இரண்டாமவர் அந்த அறிவுக்கு உரிய மதிப்பும் வேண்டும் என்றார். முதற்படி இல்லாமல் இரண்டாம் படி இல்லை.

அடுத்த தலைமுறையின் கையில்

இபு ஸைன் 1989ஆம் ஆண்டில் மறைந்தார். பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிக் கல்லூரி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெண்களுக்குப் பயிற்சிக் கல்லூரியே இல்லாத காலத்தில் பணியாற்றிய ஆசிரியையின் பெயர், இன்று ஆயிரக்கணக்கான பல்கலைக்கழக மாணவர் நடமாடும் வளாகத்தில் ஒலிக்கிறது. அவருடைய மகள் அடிபா அமின் புகழ்பெற்ற எழுத்தாளர்; 1983ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றவர். முன்ஷி தம் மகளை எழுத வைத்தார். அந்த மகள் மற்றப் பெண்களை எழுத வைத்தார். அவருடைய மகளோ மலாய், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் எழுதினார். எழுத்து ஒரு பெண்ணோடு நிற்காது என்பதற்கு இக்குடும்பமே எடுத்துக்காட்டு.

இன்று நம் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் படிப்பதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆயினும், அந்தப் பழைய கேள்வி முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேறு வடிவம் எடுத்திருக்கிறது. தேர்வு நெருங்கும் வேளையிலும் வீட்டில் விருந்தினர் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து செல்பவர் யார்? அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் பள்ளியிலிருந்து திரும்பினால், சமையலறைக்கு அழைக்கப்படுபவர் யார்? இத்துறை பெண்ணுக்கு ஏற்றதன்று என்று சொல்லும்போது, அவளுடைய திறமையை எண்ணிச் சொல்கிறோமா, வழக்கத்தை எண்ணிச் சொல்கிறோமா?

சமையலும் தையலும் இழிவானவை அல்ல. அவை ஆணும் பெண்ணும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கைத் திறன்கள். அவற்றைப் பெண்ணுக்கு மட்டுமே உரிய எல்லையாக வகுப்பதுதான் தவறு. இபு ஸைன் நடத்திய இதழில் வீட்டு நிருவாகமும் இடம்பெற்றது. நாட்டு முன்னேற்றமும் இடம்பெற்றது. ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை என்று அந்த இதழின் பக்கங்களே உணர்த்தின. அந்தப் பக்கங்களை நிரப்பியவர்கள், பயிற்சிக் கல்லூரியின் வாசலைக்கூடக் காணாத ஆசிரியைகள்.

சிந்தித்து விடையளிக்க

1. மலாய்ப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கியதற்கான காரணங்கள் மூன்றனைக் குறிப்பிடுக.

2. 'இதனால் ஏற்பட்ட விளைவு ஒரு வட்டம் போன்றது' என்ற தொடரின் கருத்தை உம் சொந்த நடையில் விளக்குக.

3. 'புலான் மெலாயு' இதழ் ஆசிரியைகளுக்கு ஒரு கல்லூரியாக விளங்கியது எனக் கூறப்படுவது ஏன்?

4. பெண் படித்தால் நல்ல தாயாக விளங்குவாள் என்ற வாதத்தின் பயனையும் அதன் எல்லையையும் ஆராய்க.

5. இபு ஸைன், இராசம்மா பூபாலன் ஆகிய இருவருடைய பணிகளிடையே காணப்படும் ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

6. உம் வீட்டில் ஒரு வாரத்தில் செய்யப்படும் வேலைகளையும் அவற்றைச் செய்பவர்களையும் பட்டியலிடுக. அப்பட்டியல் உமக்கு உணர்த்தும் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.